மேல் நூல் அறுமா, கீழ் நூல் அறுமா? தண்ணீர் பாட்டிலில் நிலைமம்

தேவையானவை: அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், சணல் கயிறு, பருத்தித் தையல் நூல், பென்சில், செலோ டேப், வளையாத கம்பு, பழைய துணி.

பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்து மூடியை இறுக்குங்கள். பார்சல் கட்டுவதுபோல் சணலை மூடிக்கு மேலும் அடிக்குக் கீழும் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, வழுக்காமலிருக்க டேப் ஒட்டுங்கள். இரண்டு மேசைகளுக்கு இடையே கம்பை வைத்து, முனைகளையும் டேப்பால் ஒட்டிவிடுங்கள். கம்பு ஆடினால் சோதனை கெட்டுவிடும்.

ஒரே நூல்கண்டிலிருந்து 20 செ.மீ. அளவில் இரண்டு துண்டுகள், முடிச்சுக்குத் தனியாகக் கொஞ்சம் விட்டு வெட்டுங்கள். ஒன்றால் பாட்டிலைக் கம்பில் தொங்கவிடுங்கள். மற்றதைப் பாட்டிலின் அடிச் சணலில் கட்டி, மறுமுனையைப் பென்சிலில் நாலைந்து சுற்று சுற்றிய பிறகே முடிச்சிடுங்கள். வெறும் முடிச்சு என்றால் நூல் அந்த இடத்திலேயே அறும். விரலில் சுற்றி இழுக்கவே கூடாது, வெட்டிவிடும். தரையில் துணியை மடித்துப் போடுங்கள்.

இழுப்பதற்கு முன் எந்த நூல் அறும் என்று பிள்ளைகளைக் கை தூக்கச் சொல்லுங்கள். பாதி சுவாரசியம் அதில்தான் இருக்கிறது.

முதலில் பென்சிலை மெல்ல மெல்லக் கீழே இழுங்கள். மேல் நூல் அறும். பாட்டிலின் எடை சுமார் 5 நியூட்டன். நீங்கள் 6 நியூட்டன் இழுத்தால் கீழ் நூலுக்கு அந்த 6 மட்டும், மேல் நூலுக்கோ 11.

புது நூல் கட்டி, இம்முறை கீழ் நூலைச் சற்றுத் தொய்வாக விட்டு வெடுக்கென்று இழுங்கள். கீழ் நூல் அறும், பாட்டில் தொங்கியபடியே இருக்கும். மேல் நூல் இன்னும் இறுக வேண்டுமானால் பாட்டில் கொஞ்சமாவது கீழே இறங்கியாக வேண்டும். அரை கிலோ நிறை அவ்வளவு சட்டென்று நகராது. அதற்குள் கீழ் நூல் அறுந்துவிடுகிறது. இதை ‘நிலைம விசை’ என்று கரும்பலகையில் எழுதிவிடாதீர்கள். நிலைமம் என்பது தன் நிலை மாறுவதை எதிர்க்கும் பொருளின் பண்பு, விசை அல்ல.

வெடுக்கென்று இழுத்தும் மேல் நூலே அறுகிறதா? பெரும்பாலும் கை வேகம் போதவில்லை, அல்லது நூல் அதிகம் நீள்கிறது. பாலியஸ்டர் நூல் பருத்தியைவிட நீளும். அது நீளும் நேரத்தில் பாட்டில் நகர்ந்துவிடும். நைலான் நூல் எளிதில் அறாது. நூல் பாட்டிலையே தாங்காவிட்டால் இரண்டையும் இரட்டை இழையாக்குங்கள், ஒன்றை மட்டும் அல்ல.

கடைசியாகத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் பாட்டிலை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். எந்த நூல் அறும் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. ஏன் என்ற கேள்விக்குப் பிள்ளைகளே பதில் சொல்லட்டும்.