தண்டுவடக் காயத்துக்குப் பின் சிறுநீர் கசிவு: டெஸ்டுக்கு முன் எடுக்க வேண்டிய கணக்கு

தண்டுவடத்தில் அடிபட்ட பிறகு சிறுநீர் கசிந்தால் உடலுக்குள் இருக்கும் சிறுநீர்ப் பை நிரம்பி வழிகிறதா, இல்லை நிரம்புவதற்கு முன்பே தானாகச் சுருங்கித் தள்ளுகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். துணி நனைவது ஒரே மாதிரிதான், வைத்தியம் வேறு வேறு. "லீக் ஆகுது" என்று மட்டும் சொல்லிக்கொண்டு டாக்டர் முன் உட்காராதீர்கள்.

மூன்று நாள் டயரி எழுதுங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தீர்கள், கதீட்டரில் (சிறுநீரை வெளியேற்றப் போடும் குழாய்) எவ்வளவு வந்தது, நடுவில் கசிந்ததா, அவ்வளவுதான். நான் ஆப் வைத்துப் பார்த்தேன், கையுறையோடு போனைத் தொடுவது பெரும்பாடு. பாத்ரூம் சுவரில் ஒட்டிய தாளும் கயிற்றில் கட்டிய பேனாவும்தான் சரிப்பட்டு வந்தது. அளக்க, கோடு போட்ட ஜக் வாங்கிவிடுங்கள். யூரின் பேக்கில் இருக்கும் கோடு வெறும் குத்துமதிப்பு. ஒவ்வொரு முறையும் 500 மில்லிக்கு மேல் வந்தால் இடைவெளி அதிகம் என்று அர்த்தம்.

எல்லோரும் திணறும் இடம் கசிவை அளப்பது. "கொஞ்சம்", "நிறைய" என்று எழுதிப் பயனில்லை. சமையல் தராசில் காய்ந்த பேடை ஒரு முறை, நனைந்ததை ஒரு முறை எடை போடுங்கள், 1 கிராம் ஏறக்குறைய 1 மில்லி. 60 கிராம் பேட் 210 ஆனால் கசிந்தது 150 மில்லி. கசிந்த கையோடு கதீட்டர் போட்டு உள்ளே மீதி எவ்வளவு என்றும் குறியுங்கள், முக்கியமான எண் இதுதான். மீதி நிறைய இருந்தாலும் உடனே "வழிதல்" என்று முடிவு கட்ட வேண்டாம், ஏனென்றால் பை சுருங்கும் நேரத்தில் பையின் வாயை மூடும் தசையும் சேர்ந்து இறுகிக்கொண்டால் கசிவும் இருக்கும் மீதியும் இருக்கும். அதைப் பிரித்துச் சொல்வது யூரோடைனமிக் டெஸ்ட்தான்.

அந்த டெஸ்டில் பைக்குள் ஒரு மெல்லிய குழாய், ஆசனவாயில் இன்னொன்று, பிறகு மெதுவாக சலைன் ஏற்றி அழுத்தம் பார்ப்பார்கள். முன்னதாகவே மலம் கழித்துவிடுங்கள், பைக்கான மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நிரம்பும்போது அழுத்தம் 40 செ.மீ. நீர் அளவைத் தாண்டி நின்றால் சிறுநீரகத்துக்கு ஆபத்து, நமக்கோ ஒன்றும் தெரியாது. கூடவே சிறுநீரக ஸ்கேனும் கேளுங்கள். தசை மெலிந்தவர்களுக்கு கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்கும் அளவு) குறைவாகவே காட்டும், அதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

பின்சேர்க்கை: கல்ச்சருக்கு (சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) யூரின் பேக்கிலிருந்து சாம்பிள் எடுக்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். கூடாது, புதுக் கதீட்டர் போட்டு எடுங்கள். கலங்கலும் நாற்றமும் மட்டும் இருந்தால் அது தொற்று ஆகிவிடாது. காய்ச்சல், திடீரென அதிகமான தசைத் துடிப்பு, புதிதாகக் கசிவு, இவை இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

இன்னொன்று, டி6 (மார்புப் பகுதித் தண்டுவடத்தின் ஆறாவது நிலை) அல்லது அதற்கு மேல் காயம் உள்ளவர்களுக்கு: சலைன் ஏறும்போது தலை வெடிப்பதுபோல் வலித்து முகம் சிவந்து வியர்த்தால் உடனே சொல்லுங்கள், பையைக் காலி செய்து நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். உங்கள் வழக்கமான பிபியின் மேல் எண் 100 என்றால், மற்றவர்களுக்குச் சாதாரணமாகத் தெரியும் 130 உங்களுக்கு எச்சரிக்கை. வழக்கமான பிபியை டயரியின் முதல் வரியிலேயே எழுதி, டெஸ்ட் எடுப்பவரிடம் காட்டிவிடுங்கள்.