தெருவில் வாழும் வயதான பெண்களிடம் முதலில் கேட்க வேண்டியது

வீடில்லாத வயதான பெண்களைக் கவனிக்கும் செவிலி நான். புதிதாக உதவ வருகிறவர்கள் போர்வையும் மாத்திரையும் கொண்டுவருகிறார்கள். நல்லதுதான். ஆனால் முதலில் பக்கத்தில் உட்கார்ந்து, "ராத்திரி ஒன்றுக்கு வந்தா எங்கேம்மா போவீங்க?" என்று கேளுங்கள்.

பல நோய்களுக்கான காரணம் அந்தப் பதிலில் இருக்கும். இருட்டில் ஒதுங்கப் பயந்து, பொழுது சாய்ந்தபின் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும் அதனால்தான். நீர் பிரியும் மாத்திரையையும் நிறுத்தியிருப்பார்கள். திட்டாதீர்கள். எந்த நேரத்தில் கழிப்பறை கிடைக்கிறது என்று கேட்டு, மாத்திரை நேரத்தை அதற்கேற்ப மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் பேசுங்கள். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று உளறினால், வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். நீர் வற்றியிருக்கலாம், தொற்று இருக்கலாம். உடனே மருத்துவமனைதான்.

ஐம்பதுகளில் இருப்பவர்களையும் முதியவர்களாகவே பாருங்கள். சிறுநீரை அடக்க முடியாமை, தடுமாறி விழுவது, மறதி எல்லாம் தெருவில் சீக்கிரமே வந்துவிடும்.

அப்புறம் கால். படுத்தால் ஆபத்து என்று உட்கார்ந்தே தூங்குவதால் பாதம் வீங்கும். அனுமதி கேட்டு, நீங்கள் தரையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிப் பாருங்கள். விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு, சதைக்குள் வளைந்த நகம். சர்க்கரை உள்ளவருக்குப் புண் இருந்தும் வலிக்காமல் போகலாம். காலுறையில் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காலைத் துடைக்கும்போதுதான் பலருக்குப் பேச்சு வரும். யாராவது அடித்தார்களா, பணத்தைப் பிடுங்கினார்களா என்று தனியாக இருக்கும்போது மட்டும் கேளுங்கள். "மகன் வீட்டுக்கே போயிடுங்களேன்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அடி விழுந்ததே அந்த வீட்டிலாக இருக்கலாம்.

விடுதி பார்க்கும்போது கீழ்க்கட்டிலும் பக்கத்தில் கழிப்பறையும் கிடைக்குமா, பகலில் வெளியே அனுப்பிவிடுவார்களா என்று விசாரியுங்கள். பையைப் பூட்டி வைக்கவும் இடம் வேண்டும். அடையாள அட்டை, மருந்துச்சீட்டு எல்லாம் அதில்தான் இருக்கும். அவர் சம்மதித்தால் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக் கொடுங்கள். உதவித்தொகை விண்ணப்பத்தில் முகவரி கேட்பார்கள். விடுதி முகவரியைப் போடலாமா என்று சேர்க்கும் அன்றே பொறுப்பாளரிடம் கேட்டுவிடுங்கள்.