உறைகுளிரில் ஒரு கரையான் புற்று: சிம்பன்சிகளுக்குத் தீனிக்குழாய் செய்யும் முறை

போன வாரம் சமையல் மேடையில் நாலு பி.வி.சி. குழாயை அடுக்கிப் படம் போட்டதும், "பிளம்பர் வேலைக்குப் போயிட்டியா?" என்று கேட்டவர்கள் அதிகம். விளக்கிவிடுகிறேன்.

வாஷிங்டன் மாநிலத்தில், கேஸ்கேட் மலைக்குக் கிழக்கே ஒரு சரணாலயத்துக்கு மூன்று குளிர்காலமாகச் சனிக்கிழமைகளில் போய்வருகிறேன். ஆய்வகத்திலிருந்தும் கேளிக்கைத் தொழிலிலிருந்தும் மீட்கப்பட்ட சிம்பன்சிகள் அங்கே வாழ்கின்றன. இதே வட்டாரத்தில்தான் க்ளீ எலம் இருக்கிறது. ஆய்வக வாழ்க்கை முடிந்த ஏழு சிம்பன்சிகள் 2008 ஜூனில் ஒன்றாக வந்திறங்கிய ஊர். ஆய்வகத்தில் ஒரு சிம்பன்சிக்கு அமெரிக்கச் சட்டம் கேட்ட குறைந்தபட்சக் கூண்டு ஐந்தடிக்கு ஐந்தடி, உயரம் ஏழடி. நம் வீட்டுக் குளியலறை பெரிது.

இங்கே மலைச்சரிவே அவர்களுடையது. ஆனால் டிசம்பர் வந்தால் அது முழங்கால் அளவு பனியில் கிடக்கும். ஆப்பிரிக்க வெப்பக் காட்டு உடம்புக்கு அது ஆகாது. கதவைத் திறந்து வைத்தாலும், எட்டிப் பார்த்து ஒரு கைப்பிடி பனியை வாயில் போட்டுக்கொண்டு ஹீட்டர் அறைக்கே திரும்பிவிடுவார்கள். காட்டில் என்றால் விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்குப் பக்கம் இரை தேடித் தின்பதில் போகும். இங்கே கிண்ணத்தில் வைத்தால் ஐந்து நிமிடம். மீதி நாளை எதை வைத்து நிரப்புவது? சும்மா உட்கார்ந்தால் பழைய பழக்கங்கள் தலைகாட்டும்: முன்னும் பின்னும் ஆடுவது, தன் முடியைத் தானே பிடுங்குவது.

அதற்குத்தான் இந்தக் குழாய். 1960-ல் தான்சானியாவின் கோம்பேயில் சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் பார்த்தாரே, புல்தண்டைப் புற்றில் விட்டுக் கரையானை வெளியே இழுத்துத் தின்ற சிம்பன்சி, அதே வேலை. குழாய்க்குள் தீனி இருக்கும், துளைவழியே குச்சியை விட்டு எடுத்துத் தின்ன வேண்டும்.

குழாய். இரண்டு அங்குல பி.வி.சி., ஒரு அடி நீளம். ஒரு பக்கம் நிரந்தர மூடி, மறுபக்கம் திருகு மூடி. திருகு மூடிதான் கழுவ வசதி. இரண்டு பக்கமும் ஒட்டி வைத்த புண்ணியவான் நான். ஒரே வாரத்தில் நாற்றம் தாங்காமல் தூக்கிப்போட்டேன்.

துளை. ஒரே வரிசையில் மூன்று போதும், அரை அங்குலம். முதல் தடவை முக்கால் அங்குலம் போட்டேன். விரலை விட்டு வழித்து இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். அதைவிட மோசம், விரல் நுழைந்து திரும்பாமல் மாட்டிக்கொள்ளும் அளவு. விரல் நுழையவே கூடாது, இல்லையென்றால் தாராளமாகப் போய்வர வேண்டும். நடுவில் எதுவும் வேண்டாம். துளைக்கப் படிப்படியாக அகலும் ஸ்டெப் பிட் வாங்குங்கள். தட்டையான மரவேலை பிட் பி.வி.சி.யைக் கிழித்துவிடுகிறது. பிறகு உருண்டை அரத்தால் ஓரத்தை மழுக்குங்கள். உங்கள் சுண்டுவிரலால் தடவிப் பார்த்துப் பிசிறு தட்டினால் இன்னும் முடியவில்லை.

நிரப்புதல். என்னைக் கவிழ்த்த இடம் இதுதான்.

முதல் குளிர்காலத்தில், காலை அவசரத்தைத் தவிர்க்கலாமென்று வெள்ளி இரவே ஓட்ஸ் கஞ்சியில் ஆப்பிள் கூழைக் கலந்து, குழாயை விளிம்புவரை நிரப்பி, கார் ஷெட்டில் வைத்துவிட்டுத் தூங்கினேன். மறுநாள் கொண்டுபோய்க் கட்டினோம். வயதான ஒரு பெண் சிம்பன்சி முதலில் வந்தாள். குச்சியை விட்டாள். டொக். இன்னொரு துளையில் விட்டாள். டொக். குச்சியை எடுத்து நுனியை மோந்து பார்த்து, கீழே போட்டுவிட்டுப் போர்வைக்குள் போய்விட்டாள். எனக்கு விழுந்த அடி அது. கழற்றிப் பார்த்தால் குழாயில் அடிமூடி வரை நீளமாக ஒரு விரிசல். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 விழுக்காடு பருக்கும், பி.வி.சி.யோ குளிரில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஷெட்டில் ஞாபகம் வரவில்லை. அந்தச் சில்லு ஒரு சிம்பன்சியின் கையில் கிடைத்திருந்தால் என்று நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

இப்போது செய்வது: காலையில்தான் கலக்குவேன். உப்பு சர்க்கரை சேர்க்காத வேர்க்கடலை வெண்ணெய் இரண்டு கரண்டி, ஆப்பிள் கூழ் இரண்டு கரண்டி, வெதுவெதுப்பாக, இட்லி மாவு பதத்தில். குச்சியைத் தூக்கினால் நுனியில் ஒட்ட வேண்டும், சொட்டக் கூடாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்புவதில்லை. வெளியே உறைநிலைக்குக் கீழே போனால் ஹீட்டர் அறைப் பக்கத்துக் கம்பிவலையில் மட்டும் கட்டுவோம்.

கட்டுதல். வலைக்கு வெளியே, நம் பக்கம், துளைகள் வலைக்கண்ணுக்கு நேராக இருக்கும்படி. ஸ்டீல் கிளாம்ப் மட்டும். பிளாஸ்டிக் கட்டுகள் ஒரு வளர்ந்த சிம்பன்சிக்கு வேடிக்கைப் பொருள். கட்டுவது ஊழியர் வேலை, தன்னார்வலர் வலையருகே போவதில்லை.

குச்சி. வில்லோ அல்லது மூங்கில். செர்ரி, ப்ளம் இனம் வேண்டாம், அவற்றில் சயனைடு உண்டாக்கும் பொருள் உண்டு. சீவி அழகுபடுத்த வேண்டாம், அது அவர்கள் வேலை. காங்கோ குடியரசின் குவாலூகோ காட்டுச் சிம்பன்சிகள் தண்டின் நுனியைப் பல்லால் நார்நாராக்கித் தூரிகைபோல் ஆக்கிக்கொள்கின்றன. கரையான் அதிகம் ஒட்டும். எங்கள் கூட்டத்திலும் ஒருத்தி அப்படியே மெல்லுவாள். ஆலங்குச்சியில் பல் துலக்கும் எங்கள் தாத்தாதான் கண்ணுக்கு வருவார்.

எல்லோருக்கும் குழாய் பிடிக்கும் என்று நினைக்காதீர்கள். க்ளீ எலமுக்கு வந்த ஏழு பேரில் ஃபாக்ஸிக்கு ட்ரோல் பொம்மை (கலர் முடி நட்டுக்கொண்டு நிற்குமே, அது) என்றால் உயிர், ஜேமிக்கு பூட்ஸ். குழாயைச் சீண்டாதவருக்கு அட்டைப் பெட்டியில் வைக்கோலும் சூரியகாந்தி விதையும் போட்டு மூடிக் கொடுங்கள். டேப்பும் ஸ்டேப்பிள் பின்னும் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

பிற்சேர்க்கை. இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன.

பனியை உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கலாமா? தாராளமாக. தொட்டியில் குவித்து நடுவே திராட்சையைப் புதைத்தால் அரைமணி நேரம் ஓடும். ஆனால் கார் நிற்குமிடத்துப் பனியை அள்ளாதீர்கள். அங்கே பாதையில் தூவிய உப்பும், எஞ்சினிலிருந்து ஒழுகும் ஆன்டிஃப்ரீஸும் (எஞ்சின் தண்ணீர் உறையாமலிருக்க ஊற்றுவது) இருக்கும். பின்னது இனிக்கும் விஷம்.

வண்டலூர் உயிரியல் பூங்காவில் இருக்கும் சிம்பன்சிகளுக்கு இதைச் செய்து கொடுக்கலாமா? பூங்கா ஊழியர் வழியாக மட்டும். பார்வையாளராகப் போய் எதையும் எறியாதீர்கள். "என்னைப் பார்த்துச் சிரிச்சுது" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். இரண்டு வரிசைப் பல்லும் தெரிய இளித்தால் பெரும்பாலும் பயந்திருக்கிறது, தம்பி. விளையாட்டுச் சிரிப்பில் வாய் தொளதொளவென்று திறந்திருக்கும், மேல்பல் அவ்வளவாகத் தெரியாது.

சளி, இருமல் இருந்தால் குழாய் செய்யவும் போகாதீர்கள். நம் ஜலதோஷம் அவர்களுக்குத் தொற்றும், சமயத்தில் உயிரையே வாங்கும். போன மாதம் இரண்டு சனிக்கிழமை எனக்கு அப்படித்தான் போயிற்று. குழாயை நண்பர் ஒருவர் செய்தார். துளையை அவர் அரத்தால் தேய்த்தாரா என்று போனில் மூன்று தடவை கேட்டேன்.