கணவருக்கு நாட்பட்ட சுவாச நோய்: நான் விட்ட தவறுகளை நீங்கள் விடவேண்டாம்

என் கணவருக்கு நுரையீரல் பழுதாகி வருகிறது என்று வைத்தியர் சொன்ன அன்றிரவு, அவருடைய சேர்ட் பொக்கற்றைத் துழாவினேன். அதற்குப் பிறகு நாலு வருஷம் அதே வேலைதான். சிகரெட் பெட்டியைக் கிணற்றடிச் சேற்றில் போட்டு மிதித்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு முன்னால் கத்தியிருக்கிறேன். அவர் வட்டைக்கு, அதாவது வயலுக்கு, போவதாகச் சொல்லிவிட்டு வாடிக்குள் இருந்து சிகரெட் பத்தினார்.

நான் விட்ட தவறுகளில் பெரியது இந்தக் காவல்தான். சிகரெட்டை மட்டும் அவர் ஒளிக்கவில்லை. இருமினால் நான் தொடங்கிவிடுவேன் என்று இருமலையும் ஒளித்தார். ஒரு மாரியில் சளி மஞ்சளாகி, இரவில் படுக்க முடியாமல் நாலு நாள் கதிரையில் இருந்தே தூங்கியிருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் வைத்தியசாலையில் சேர்த்தோம். அவர் சொல்லப் பயப்படுகிற ஆளாக நான் மாறியிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சரி, அப்படியென்றால் பேசாமல் விடுவதா? இல்லை. மூச்சு முட்டி நிற்கும்போதும், அப்போதுதான் பத்திவிட்டு வரும்போதும் பேசாதீர்கள். ஆறுதலாக இருக்கிற நேரத்தில் ஒரு கேள்வி கேளுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள். "இஞ்ச பாருங்க, விட்டால் என்ன நடக்கும் எண்டு பயப்படுறீங்க?" என்று கேட்டேன். "அது இல்லாட்டி எனக்குக் கை நடுங்குது புள்ள" என்றார். முப்பது வருஷம் நிக்கொட்டினுக்குப் பழகிய உடம்பு அது. பிடிவாதம் என்று நான் நினைத்ததில் பாதி அந்த நடுக்கம்தான். பலர் விடுவதும் திரும்பத் தொடங்குவதுமாகப் பல தடவை முயன்றபிறகுதான் விடுகிறார்கள். இலங்கையில் 1948 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் புகைத்தலை விட ஆலோசனை சொல்வார்கள். ஆனால் அந்த அழைப்பை அவர்தான் எடுக்கவேண்டும். போன நுரையீரல் திரும்பாது. ஆனால் எந்த வயதில் விட்டாலும் மிச்சம் இருப்பது மெதுவாகத்தான் குறையும். இதை ஒரு தடவை சொன்னால் போதும். அவருக்குக் காது கேட்கும்.

இந்த நோயை எங்கள் பக்கத்தில் 'தொய்வு' (ஆஸ்துமா) என்றே சொல்லிவிடுகிறோம். அங்கேயே ஒரு பிழை நடக்கிறது. தொய்வு வந்து போகும். நாட்பட்ட சுவாசத் தடை நோய் போகாது, சுவாசக் குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கிவிடும். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில்தான் இது உறுதியாகும். தொய்வு என்று நினைப்பவர் இழுத்தால் மட்டும் பம்ப் (இன்ஹேலர்) எடுப்பார், நல்லாயிருந்தால் தினமும் பாவிக்க வேண்டிய மருந்தையும் விட்டுவிடுவார்.

பம்ப் விஷயத்தை ஆறுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைச் சரியாகப் பாவிக்கிறவர்களை நான் குறைவாகத்தான் கண்டிருக்கிறேன். அழுத்தும் பம்பைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்திக்கொண்டே மெதுவாக ஆழமாக இழுத்து, பத்து வினாடி அடக்க வேண்டும். வாய்க்கும் பம்புக்கும் நடுவில் ஸ்பேசர் வைத்தால் மருந்து தொண்டையில் படியாமல் உள்ளே போகும். தூள் உள்ள கப்சியூலைக் கருவியில் போட்டு இழுக்கும் வகைக்கு நேர் எதிர்: அதை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். என் கணவர் முதல் வாரம் அந்தக் கப்சியூலைத் தண்ணீரோடு விழுங்கினார்! நானும் பக்கத்தில்தான் நின்றேன். ஸ்டீரொய்ட் உள்ள மருந்தென்றால் இழுத்தபிறகு வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும்.

இன்னொன்று: கிளினிக் நாளில் "நீ போய் எடுத்திட்டு வா" என்பார். நானும் கொப்பியைக் கொண்டுபோய் வரிசையில் நின்று மருந்தை எடுத்து வந்துவிடுவேன். மாதக்கணக்காக வைத்தியர் அவருடைய நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்கவே இல்லை. கூடப் போன நாட்களிலும் "இப்ப பத்துறதில்ல டொக்டர்" என்று அவருக்காக நான் பொய் சொன்னேன். அதைச் செய்யாதீர்கள். பொய்யை நம்பித்தான் மருந்து எழுதுவார்கள். மாரி தொடங்கமுன் இன்புளுவென்சா தடுப்பூசி பற்றியும் அங்கேயே கேளுங்கள்.

அவருடைய புகையைத் திட்டிக்கொண்டு நான் விறகடுப்பை ஊதினேன். இரவில் கட்டிலடியில் நுளம்புத்திரி, வெள்ளியில் சாம்பிராணி, முற்றத்தில் எரியும் சருகு. ஒரு நுளம்புத்திரியின் நுண்துகள், 75 சிகரெட் எரிந்ததற்குக் குறையாது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். இப்போது வலை கட்டுகிறோம், சமையல் காஸ் அடுப்பில். வெள்ளாமை வெட்டு நாட்களில் மெஷின் தூசுக்குள் அவரை நிற்க விடுவதில்லை. வீட்டுக்குள் பத்தக்கூடாது என்பது ஒன்றுதான் நான் போட்ட சட்டம். என் மூச்சும் பிள்ளைகளின் மூச்சும் அதில் இருப்பதால் அதை நான் கேட்கலாம். அவரும் ஒத்துக்கொண்டார்.

பாசத்தில் விடும் பிழையும் உண்டு. தண்ணீர் எடுக்க விடாமல், கடைக்கு விடாமல், எல்லாவற்றையும் நானே செய்தேன். கால் தசை மெலிந்து இன்னும் வேகமாக அவருக்கு மூச்சு இளைத்தது. நடப்பதுதான் இதற்கு வைத்தியத்தில் பாதி. உதட்டைக் குவித்து, விளக்கை அணைக்காமல் சுடரை அசைப்பது போல மெதுவாக ஊதிக்கொண்டு நடக்கப் பழகினார். வயிறு முட்டச் சாப்பிட்டால் மூச்சுக்கு இடமில்லை, அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை.

ஒட்சிசன் வாங்கி வையுங்கள் என்று சொந்தக்காரர் சொல்வார்கள். அது எல்லோருக்கும் தேவையில்லை. இந்த நோயாளிகள் சிலருக்கு அளவு கூடினால் காபனீரொட்சைட்டுத் தேங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். அதனால்தான் வைத்தியசாலையில் இரத்தத்தின் ஒட்சிசன் அளவை 88 முதல் 92 சதவீதத்துக்குள் வைத்திருப்பார்கள். பக்கத்தில் சிகரெட் பத்தினால் தீப்பிடிக்கவும் கூடும்.

சளி நிறம் மாறினால், வழக்கத்தை விடக் கூட மூச்சு இளைத்தால் அன்றைக்கே வைத்தியரிடம். உதடு நீலித்தால், ஒரு வசனம் முழுதாகப் பேச முடியாவிட்டால், குழம்பிப் பேசினால் அல்லது தூங்கி விழுந்தால் காத்திருக்கக் கூடாது. 1990 அம்பியூலன்ஸ், காசில்லை.

இப்போதும் ஒரு நாளைக்கு இரண்டு சிகரெட் பத்துகிறார், மதிலுக்கு வெளியே. நான் எண்ணுவதில்லை, அவரே சொல்கிறார். போன கிழமை, "சளி கொஞ்சம் மஞ்சள் மாதிரிக் கிடக்கு புள்ள" என்று அவராகவே வந்து சொன்னார். அன்றைக்கே கொப்பியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.