அடுத்தடுத்த மோதல் கணக்குகள்: மதிப்பெண் எங்கே நழுவுகிறது?

உராய்வில்லாத தளத்தில், ஒரே நேர்கோட்டில், இடமிருந்து வலமாக மூன்று பந்துகள்: சிவப்பு, மஞ்சள், நீலம். மூன்றுக்கும் ஒரே நிறை. சிவப்பு மட்டும் 64 செ.மீ/வி வேகத்தில் வலப்பக்கம் வருகிறது, மற்ற இரண்டும் நிற்கின்றன. எந்த இரண்டு மோதினாலும் மீட்சியளிப்புக் குணகம் (மோதிய பின் விலகும் வேகத்தை, மோதும் முன் நெருங்கிய வேகத்தால் வகுத்தது) 1/2. மொத்தம் எத்தனை மோதல் நடக்கும்?

"சிவப்பு மஞ்சளை இடிக்கும், மஞ்சள் நீலத்தை இடிக்கும், ஆக இரண்டு" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறவர்கள்தான் அதிகம். விடை மூன்று.

போட்டுப் பார்ப்போம். முதல் மோதலில் நிறைகள் சமம் என்பதால் உந்த அழிவின்மை விதி (மொத்த உந்தம், அதாவது நிறை × வேகம், மோதலில் மாறாது), வேகங்களின் கூட்டுத்தொகை 64 என்றே இருக்க வேண்டும் என்கிறது. நெருங்கிய வேகம் 64, குணகம் 1/2, ஆகவே விலகும் வேகம் 32. கூட்டினால் 64, கழித்தால் 32: சிவப்புக்கு 16, மஞ்சளுக்கு 48. இப்போது மஞ்சள் நீலத்தை இடிக்கிறது. அதே கணக்கில் மஞ்சளுக்கு 12, நீலத்துக்கு 36. இங்கேதான் பேனாவை மூடிவிடுகிறார்கள். பின்னால் சிவப்பு 16-ல் வந்துகொண்டிருக்கிறது, முன்னால் மஞ்சள் 12-ல் போகிறது. பிடிக்காமல் விடுமா? மூன்றாவது மோதலில் கூட்டல் 28, விலகும் வேகம் 2. சிவப்பு 13, மஞ்சள் 15, நீலம் 36. இப்போதுதான் கதை முடிகிறது.

முடிந்தது என்று எப்படித் தெரியும்? வலப்பக்கத்தை நேர்குறியாக வைத்து, வேகங்களை இடமிருந்து வலமாக வரிசையாக எழுதுங்கள். எங்கும் குறையாமல் போனால் இனி யாரும் யாரையும் பிடிக்க முடியாது. 16, 12, 36 என்பதில் 16-க்கு அடுத்து 12 நிற்கிறது, ஆகவே இன்னொரு மோதல் பாக்கி. ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் இந்த ஒரு வரியை எழுதும் பழக்கம் இருந்தாலே பாதித் தவறு போய்விடும் என்பது என் கணிப்பு. சமன்பாடு தெரியாமல் மதிப்பெண் போவது குறைவு, இந்த ஒப்பீட்டை விட்டதால் போவதுதான் அதிகம்.

"இரண்டு" என்ற பதில் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததுதான். சம நிறைப் பந்துகள் மோதினால் தங்களுக்குள் வேகத்தை மாற்றிக்கொள்ளும் என்று மனதில் பதிந்திருக்கிறது. அது குணகம் 1 ஆக இருந்தால் மட்டும். இதே சம நிறைக் கணக்கில் குணகம் 1-க்குக் கொஞ்சம் குறைந்தாலும் மூன்றாவது மோதல் கட்டாயம் உண்டு. குணகம் 3 − 2√2-க்கும், அதாவது சுமார் 0.17-க்கும் கீழே இறங்கினால் நான்காவதும் நடக்கும்.

அடுத்தது, தொடக்க வேகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. இரண்டாவது மோதலில் நெருங்கும் வேகம் 48, ஆனால் 64 என்றே எழுதுகிறவர்கள் உண்டு. சிலர் ஒரு படி மேலே போய், சிவப்புக்கும் நீலத்துக்கும் நேரடியாகக் குணகத்தைப் போடுகிறார்கள், அல்லது இரண்டு மோதல் என்பதால் 1/2-ஐ இருமுறை பெருக்குகிறார்கள். அந்த இரண்டு பந்துகளும் தொட்டுக்கொள்ளவே இல்லையே! குணகம், அந்த நொடியில் மோதும் ஜோடிக்கு மட்டும். எந்த ஜோடி என்பதும் முக்கியம், ஏனென்றால் அது பொருளைப் பொறுத்தது. நியூட்டன் 1687-ல் வெளியிட்ட 'பிரின்சிபியா'விலேயே ஊசல் சோதனை அளவுகளைத் தருகிறார்: இறுக்கிக் கட்டிய கம்பளி உருண்டைகளுக்கு 5/9, கண்ணாடிக்கு 15/16. பந்துக்கும் சுவருக்கும் வேறு குணகம் கொடுத்திருந்தால் அதைக் கவனித்து எடுங்கள்.

சுவர் வந்தால் சிக்கல் இரட்டிப்பாகிறது. நீலத்தை எடுத்துவிட்டு அந்தப் பக்கம் ஒரு சுவரை வைப்போம், அதற்கும் குணகம் 1/2. முதல் மோதலுக்குப் பின் 16, 48. மஞ்சள் சுவரில் பட்டு 24-ல் திரும்புகிறது. வலப்பக்கம் நேர்குறி என்றால் இது −24. எதிரெதிரே வருவதால் நெருங்கும் வேகம் 16 + 24 = 40. குறியை மறந்தவர் 24 − 16 = 8 என்று போடுவார். சரியான கணக்கில் கூட்டல் −8, விலகும் வேகம் 20, ஆகவே சிவப்பு −14, மஞ்சள் +6. தவறான கணக்கில் −6, −2 வரும். அதுவும் பார்க்க ஒழுங்காகவே இருக்கிறது, வரிசையும் சரி, ஆற்றலும் கூடவில்லை. எந்தச் சோதனையிலும் மாட்டாது என்பதால்தான் இந்தப் பிழையைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். குறியோடு எழுதிவிட்டு, கழித்தலை விதியிடமே விடுங்கள்.

மஞ்சள் +6-ல் மறுபடி சுவருக்குப் போய் −3-ல் திரும்பும். சிவப்பு −14-ல் ஓடிவிட்டது, இனி பிடிக்க முடியாது. கடைசியில் பந்துகளின் வேகங்களைக் கூட்டினால் −17. தொடங்கியது 64-ல். உந்தம் எங்கே போனது என்று பதற வேண்டாம், சுவர் தந்த கணத்தாக்கு (மோதலில் உந்தம் மாறும் அளவு) அது. நிறையை 1 என்று வைத்தால் முதல் தடவை 72, இரண்டாம் தடவை 9, மொத்தம் 81. 64-லிருந்து 81 போனால் −17. சுவர் மோதலில் பந்துகளுக்கு மட்டும் உந்த அழிவின்மை எழுதினால் கணக்கு அங்கேயே கவிழ்ந்துவிடும்.

இங்கே நான்கு மோதலோடு தப்பித்தோம். கால்பெரின் என்ற கணிதவியலாளர் 2003-ல் எழுதிய ஒரு கட்டுரைப்படி, முழு மீட்சி மோதலில் (குணகம் 1), சுவருக்கு அருகே நிற்கும் சின்னப் பந்தை 100 மடங்கு நிறையுள்ள பந்து வந்து இடித்தால் மொத்தம் 31 மோதல். 10,000 மடங்கு என்றால் 314. ஆமாம், π (பை) எண்ணின் இலக்கங்களேதான்!

தூரம், நேரம் கேட்டால் இன்னொரு பள்ளம் இருக்கிறது. முதல் கணக்குக்கே வருவோம். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே முதலில் 96 செ.மீ இருந்தது என்போம், பந்துகளின் அளவை விட்டுவிடலாம். மஞ்சள் 48-ல் போய் 2 நொடியில் நீலத்தை இடிக்கும். அதற்குள் சிவப்பும் சும்மா நிற்கவில்லை, 32 செ.மீ வந்துவிட்டது. ஆகவே அப்போதைய இடைவெளி 64, 96 இல்லை. சார்பு வேகம் 16 − 12 = 4, பிடிக்க 16 நொடி ஆகும். அந்த 16 நொடியில் மஞ்சளும் 192 செ.மீ நகர்ந்திருக்கும், ஆகவே மூன்றாவது மோதல் நீலம் முதலில் நின்ற இடத்திலிருந்து 192 செ.மீ தள்ளி நடக்கிறது. 64-ஐ 16-ஆல் வகுத்து 4 நொடி என்று எழுதினால், மஞ்சள் நிற்பதாக நினைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.