முத்திரைத்தாளும் கைநாட்டும்: காணி விடயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழகத் திரைப்படங்களைப் பார்த்தே சட்டம் கற்றவர்கள் நம்மில் அநேகர். கொலை என்றதும் மட்டக்களப்பிலும் பலர் வாயில் வருவது 302 ஆம் பிரிவுதான். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையிலோ கொலைக்குத் தண்டனை கூறுவது 296 ஆம் பிரிவாகும். இலக்கம் பிழைப்பதால் எவருக்கும் நட்டமில்லை. காணி விடயத்தில் அப்படியல்ல.

முத்திரைத்தாளில் கைநாட்டு வாங்கியதும் வீடு வில்லனுக்குப் போய்விடும் காட்சியை எத்தனையோ படங்களில் கண்டிருக்கிறோம். இலங்கையிலோ 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியை விற்பதற்கும் நன்கொடையாகக் கொடுப்பதற்கும், நொத்தாரிசும் (உறுதியை அத்தாட்சிப்படுத்துபவர்) ஆகக் குறைந்தது இரு சாட்சிகளும் ஒரே வேளையில் கூடியிருக்க உறுதியில், அதாவது காணி உரித்துப் பத்திரத்தில், ஒப்பமிட வேண்டும். எனவே வில்லனின் தாள் இங்கே செல்லாது. ஆனால் அதே காரணத்தால், காசை எண்ணிக் கொடுத்து, ஊர்ப் பெரியவர்களின் கையொப்பத்தோடு நாம் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் தாளும் உரித்தை மாற்றாது. மட்டக்களப்பின் படுவான்கரையிலும் அம்பாறையிலும் உள்ள, அரசு அனுமதிப்பத்திரத்தில் வழங்கிய பெர்மிட் காணிகளுக்கு 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வேறு குறுக்கே நிற்கும். உரிய அரச அதிகாரியின் எழுத்துமூல அனுமதியின்றி அவற்றைக் கைமாற்ற முடியாது.

வீடும் வளவும் மகளுக்கு என்பது எங்கள் பக்கத்து வழமை. கல்யாணத்தன்று வாயால் கொடுத்து, திறப்பையும் கையில் கொடுத்துவிட்டு, உறுதி எழுதுவதை மட்டும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதையே நான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகக் கருதுகிறேன். மட்டக்களப்பில் வழங்கிய முக்குவர் சட்டம் எனும் வழமைச் சட்டம் 1876 இல் நீக்கப்பட்டது. யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டமும் எங்களுக்குப் பொருந்தாது. ஆகவே தகப்பன் மரணசாசனம் எழுதாமல் இறந்தால், பொதுச் சட்டப்படி அவருடைய ஆதனத்தில் பாதி தாய்க்கும், மிகுதி பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாகவும் போய்ச் சேரும். முஸ்லிம்களின் மரபுரிமைக்கு 1931 ஆம் ஆண்டின் தனிச்சட்டம் உண்டு. பத்து வருடங்களுக்கு மேலான ஆட்சியைக் காட்டி மகள் உரித்துக் கோரலாம் என்றாலும், உடன்பிறந்தோருக்கு எதிராக வழக்காடித்தான் அதை நிறுவ வேண்டியிருக்கும்.

வழக்கு என்று வந்தபின், சொந்தச் சட்டத்தரணியிடமே உண்மையை மறைப்பவர்களும் இருக்கிறார்கள். 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126 ஆம் பிரிவு, தொழில்முறையில் கட்சிக்காரர் கூறியதை அவரது வெளிப்படையான சம்மதமின்றிச் சட்டத்தரணி வெளியிடுவதைத் தடுக்கிறது; அவர் அவ்வழக்கிலிருந்து விலகிய பின்பும் அக்கடமை நீங்காது. இனிச் செய்யப்போகும் சட்டவிரோதச் செயலுக்குத் துணை தேடிச் சொல்வதற்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. இன்னொன்று, படத்தில் வருவதுபோல் கடைசி நிமிடத்தில் ஆவணத்தை உயர்த்திக் காட்டி வெல்லலாம் என்று காத்திருப்பது. குடியியல் வழக்கில் சாட்சிகள், ஆவணங்களின் பட்டியலை விளக்கத்துக்கு (வழக்கு விசாரணைக்கு) முன்பே சமர்ப்பிக்க வேண்டும். பட்டியலில் இல்லாததைப் பிறகு சேர்ப்பதற்கு நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்படும் என்பதால், பெட்டிக்குள் கிடக்கும் பழைய உறுதியையும், நமக்குப் பாதகமான கடிதத்தையும் முதல் நாளே சட்டத்தரணியின் மேசையில் வைத்துவிட வேண்டும்.