பலாலிக் காற்றின் அடர்த்தி: நியம வளிமண்டலக் கணக்கை எக்செலில் போடலாம்

ட்ரோனோ மாதிரி விமானமோ, எதற்குக் கணக்குப் போட்டாலும் காற்றின் அடர்த்தி கேட்கும். அதற்குத்தான் நியம வளிமண்டலம், அதாவது ஐஎஸ்ஏ. கடல் மட்டத்தில் 15 பாகை செல்சியஸ், 101325 பஸ்கால் என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரு காற்று.

ஒன்லைன் கல்குலேற்றர்கள் வேண்டாம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. பைதன் பிறகு பார்க்கலாம், இப்போதைக்கு எக்செல் போதும். முதல் நிரலில் உயரத்தை மீற்றரில் போடுங்கள். அடுத்த மூன்று நிரல்களும் இப்படி:

வெப்பநிலை = 288.15 − 0.0065 × உயரம்
அமுக்கம் = 101325 × (வெப்பநிலை ÷ 288.15) ^ 5.256
அடர்த்தி = அமுக்கம் ÷ (287.05 × வெப்பநிலை)

வெப்பநிலை கெல்வினில்தான். 5000 மீற்றருக்கு 255.65 கெல்வின், 54,020 பஸ்கால் அளவில், அடர்த்தி கன மீற்றருக்கு 0.736 கிலோகிராம் என்று வந்தால் சரி.

இனித்தான் வில்லங்கம். 11,000 மீற்றரோடு வெப்பநிலை குறைவது நின்றுவிடும். 20,000 வரை 216.65 கெல்வின்தான். மேலே உள்ள சூத்திரத்தையே இழுத்துக்கொண்டு போனால் எக்செல் ஒரு பிழையும் காட்டாது. 15,000 மீற்றரில் அமுக்கம் 11,560 என்று வரும், உண்மையில் 12,045. சின்ன வித்தியாசம்தானே என்று விட்டால், வெப்பநிலையும் தேவைக்கு மேல் குறைந்திருப்பதால் அடர்த்தி 0.194க்குப் பதிலாக 0.211 ஆகிவிடும், 9 வீதம் கூட. சிலர் வெப்பநிலையை மட்டும் 216.65க்கு மாற்றிவிட்டுப் பழைய அமுக்கச் சூத்திரத்தையே வைத்திருப்பார்கள். அப்போது எந்த உயரத்துக்கும் ஒரே அமுக்கம்தான் வரும். இந்த அடுக்குக்குச் சூத்திரமே வேறு:

அமுக்கம் = 22632 × எக்ஸ்ப்(−(உயரம் − 11000) ÷ 6341.6)

எக்ஸ்ப் என்பது எக்செலின் EXP சார்பு. இரண்டு சூத்திரங்களையும் ஓர் 'இஃப்' (IF) போட்டுப் பிரித்துவிடுங்கள்.

சரி, பலாலி விமான நிலையத்துக்கு வருவோம். ஓடுபாதை ஏறக்குறையக் கடல் மட்டம்தான், ஆனால் 15 பாகையை யாழ்ப்பாணத்தில் எங்கே தேடுவது? 30 பாகை என்று வையுங்கள். விமானக்காரர் இதை ஐஎஸ்ஏ+15 என்பார்கள். அமுக்கத்தைத் தொடாமல், அடர்த்திச் சூத்திரத்தில் மட்டும் 303.15 போடுங்கள். 1.225 போய் 1.164 வரும். நியமக் கணக்கில் 525 மீற்றர் உயரத்தில் இருக்கிற காற்று அது. சென்னைக்குக் கிளம்பும் ஏடிஆர் விமானம் அதே தூக்குவிசைக்கு இரண்டரை வீதம் கூடுதல் வேகம் எடுக்க வேண்டும். எஞ்சினின் வலுவும் அந்த வெக்கையில் குறையும்.

வல்வெட்டித்துறைப் பட்டத்துக்கும் இது பொருந்துமா என்றால், 100 மீற்றர் ஏறினால் அடர்த்தி ஒரு வீதம்தான் குறையும். தாழப் பறக்கிற எதற்கும் உயரத்தைவிட வெயில்தான் பெரிய கணக்கு.

பின்சேர்க்கை: ஈரப்பதனை விட்டுவிட்டீர்களே என்று கேட்டிருந்தார்கள். ஐஎஸ்ஏ உலர்ந்த காற்று. நீராவி உலர்காற்றைவிட இலேசு என்பதால், 30 பாகையில் 80 வீத ஈரப்பதன் இருந்தால் அடர்த்தி இன்னும் ஒரு வீதத்துக்குச் சற்று மேல் குறைந்து 1.15 அளவுக்கு வரும். அச்சிலுள்ள ஐஎஸ்ஏ அட்டவணையோடு கடைசி இலக்கம் ஒத்துவரவில்லை என்பவர்கள் அதன் உயர நிரலைப் பாருங்கள். மேலே போகப் போக ஈர்ப்பு குறைவதைச் சரிக்கட்டிய உயரம்தான் இந்தச் சூத்திரங்களுக்கு. அந்த உயரத்தில் 11,000 என்பது கடல் மட்டத்திலிருந்து நேரே அளந்தால் 11,019 மீற்றர்.